குடைப்பூவும் அடுக்குப்பூவும்

என் பிரியமுள்ள சாந்தி அக்காவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. உன் கையில் எந்த வியாதியும் இருந்ததில்லை. உன் ரத்தத்தில் கோளாறு இல்லை, நீ துவைத்த சோப்புத் தூளிலும் இல்லை. மாடியில் நீ வளர்த்தாயே இரண்டு வகை ப்ரிமுலா பூச்செடி, அதில் ஒன்றுதான் உன்னை அந்தப் பாடு படுத்தியது. ஒன்று மட்டும்தான். இன்னொன்று உன்னை ஒன்றும் செய்யவில்லை.

நீ இருந்திருந்தால் மாடிப்படி இறங்கி வந்து சொல்லியிருப்பேன். நீ போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு உன் கையைப் பற்றிப் பேசியவர்களில் யாராவது இதையும் படிக்கட்டுமே.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். ஜோகுபாளையத்தில், உல்சூர் ஏரிப் பக்கம் போகிற ஒரு சந்தில், கீழே நீயும் சேகர் மாமாவும், மேலே நானும் முரளியும். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் நாம். வந்த புதிதில் உன்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஏண்டி, அக்காங்கற, அப்புறம் வாங்க போங்கங்கற. ஒண்ணு அக்காவை விடு, இல்ல வாங்க போங்கவை விடு" என்றாய். நான் வாங்க போங்கவை விட்டேன்.

நான் சிவாஜிநகர் துணிக்கடையில் பில் போடப் போய்விடுவேன். மாமாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பிள்ளை இல்லாத வீட்டில் பகல் எவ்வளவு நீளம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. பெயிண்ட் டப்பா, ஓட்டை பக்கெட், உடைந்த சிண்டெக்ஸ் மூடி, எது கிடைத்தாலும் மண்ணைப் போட்டு மாடிக்கு ஏற்றினாய். ரோஜா, செம்பருத்தி, துளசி, சாமந்தி. இந்திராநகர் பக்கம் அப்பார்ட்மெண்டுகள் எழும்பியபோது, பால்கனிக்குச் செடி வேண்டும் என்று அங்கிருந்து ஆட்கள் நம் சந்துக்குத் தேடி வந்தார்கள். முரளிகூடக் கேலி செய்தான், "அண்ணி வீட்டு முன்னாடி கார் நிக்குது, என்ன பெரிய மனுஷி ஆயிட்டாங்களா?" என்று.

ஊட்டியிலிருந்து நாற்று கொண்டுவரும் வியாபாரி ஒரு தட்டு ப்ரிமுலாவை உன் தலையில் கட்டியது அந்தச் சமயத்தில்தான். "குளிர்காலச் செடிம்மா. ஜனவரில லால்பாக் பூக்காட்சி பார்த்துட்டு வர்றவங்க இதைத்தான் கேப்பாங்க" என்றார். நீ அந்தப் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல மாட்டாய். "ப்ரமீளா நாத்து" என்பாய்.

பூத்தபோதுதான் அது ஒரே செடி இல்லை என்று தெரிந்தது. ஒன்றில் ஒரு தண்டு மேலே போய் நுனியில் மட்டும் பெரிய பெரிய பூவாக விரித்துக்கொண்டு நின்றது, குடை பிடித்த மாதிரி. இன்னொன்றில் சின்னச் சின்னப் பூ. ஒரு வட்டம் பூத்து, அதற்கு மேலே தண்டு வளர்ந்து இன்னொரு வட்டம், அதற்கு மேலே இன்னொன்று என்று அடுக்கடுக்காக ஏறியது. நீ அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாய். இது குடை, இது அடுக்கு. நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதே ரோஸ், அதே ஊதா.

வாங்க வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றில்லை. பெரிய பூ கேட்டவர்களுக்கு நாற்றாக இருக்கும்போதே அடுக்கைக் கொடுத்துவிட்டு, பூத்த பிறகு பேச்சு வாங்கினாய். அடுத்த வருஷம் அது நடக்கக்கூடாது என்று நாற்றிலேயே பிரிக்கப் பழகினாய். இரண்டு இலையும் கைக்குழந்தையின் உள்ளங்கை அளவுதான் இருக்கும். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. நீயோ இலையை விரல் நுனியால் ஒரு தடவு தடவுவாய், உடனே சொல்லிவிடுவாய்.

"எப்படிக்கா?"

"அடுக்கு மெத்து மெத்துனு, மாவு தொட்ட மாதிரி இருக்கும்டி. குடைல சின்னதா முடி, விரல்ல லேசா ஒட்டும். கண்ணை மூடிட்டுச் சொல்றேன் பாக்கறியா?"

கண்ணை மூடிக்கொண்டு தட்டு முழுவதையும் தடவித் தடவிப் பிரித்தாய். பூத்த பிறகு நான் சோதித்துப் பார்த்தேன், தப்பியது அபூர்வம். அந்த விளையாட்டை எத்தனை தடவை விளையாடினோம் அக்கா. நான்தான் "இன்னொரு தட்டு, இன்னொரு தட்டு" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

சந்து முனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ அந்த மனைக்காரரிடம் போய்ப் பேசியே விட்டாய். அவரும் பார்க்கலாம் என்றார். இரவல் குழாய், பச்சை வலை, மூங்கில் தட்டி, எல்லாவற்றையும் மனதுக்குள் அமைத்துவிட்டாய். "சாந்தி நர்சரின்னு போர்டு வைக்கணும்டி. கன்னடத்துல பெருசா, தமிழ்ல சின்னதா. நீ துணிக்கடையை விட்டுட்டு வந்து எனக்குப் பில் போடு" என்றாய். நான் சிரித்தேன். ஆனால் வந்திருப்பேன் அக்கா. நிஜமாகவே வந்திருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் உன் விரல்கள் தடித்தன. முதலில் அரிப்பு. அப்புறம் நீர் கோத்த பொடிக் கொப்புளம், விரல் இடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாக. ஒருநாள் காலை கண் இமை வீங்கி உன்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மாமா பதறிப்போய் உன்னைத் தெருமுனை கிளினிக்குக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "துணி யார் துவைக்கறது?"

நீதான். அன்றைக்கு முந்தின நாள்தான் போர்வையெல்லாம் ஊறவைத்துத் துவைத்திருந்தாய். "சோப்பு அலர்ஜி" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். நமக்கும் அது சரியாகத்தான் பட்டது. செடியைத் தொட்டவுடனே அரித்திருந்தால் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். அது ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கிளம்புகிற சாதி. ஞாயிற்றுக்கிழமை நாற்றைப் பிரித்தாய், திங்கட்கிழமை துணி துவைத்தாய், செவ்வாய்க்கிழமை கை வெடித்தது. பழி சோப்பின் மேல் விழுந்தது.

சோப்பை மாற்றினோம். முரளி ரப்பர் கையுறை வாங்கி வந்தான். துணி துவைக்கும்போது ஒழுங்காகப் போட்டுக்கொண்டாய். செடிப் பக்கம் போகும்போது மட்டும் கழற்றிக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போவாய். ஒருநாள் நானே கேட்டேன், "அதையும் போட்டுக்கிட்டே செய்யேன்க்கா, மண்ணு படாம இருக்கும்ல."

"செடியைத் தொடக் கிளவுஸா? குழந்தையைக் கிளவுஸ் போட்டுட்டாடி தூக்குவாங்க?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது.

வெயில் காலத்தில் ப்ரிமுலா பட்டுப்போனது, உன் கையும் ஆறியது. களிம்பு கேட்டது என்றார்கள். மறுபடி குளிர் வந்தது, மறுபடி நாற்று வந்தது, மறுபடி கொப்புளம். இந்தத் தடவை ஹோமியோபதி. பத்தியம், கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது. அதற்குள் சந்தில் பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடியில் உன் குடத்தை யாரும் தொடாமல் தள்ளி வைத்தார்கள். "தொத்துதா?" என்று என்னிடமே ஒருத்தி கேட்டாள். பெரிய நோயின் பெயரைக்கூடச் சொன்னார்கள். அதை நான் உன் காதுக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் நம் சந்தில் எந்தப் பேச்சு யார் காதுக்குப் போகாமல் இருந்திருக்கிறது?

அப்புறம் கீதாவின் வளைகாப்பு.

நம் நாத்தனார் கீதாவுக்கு நீ கல்யாணத்தன்று தலை பின்னிவிட்டவள். அவள் மாமியார் வீடு மல்லேஸ்வரம், கொஞ்சம் வசதியானவர்கள். நம் வீட்டுக் கூடத்தில் பலகை போட்டு, கீதாவை உட்காரவைத்து, வளையல் தட்டை முன்னால் வைத்தாயிற்று. வீட்டு மூத்த மருமகள் நீதான் முதல் சந்தனம் பூச வேண்டும். முழுக்கை ரவிக்கை போட்டு, மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாய்.

கீதாவின் மாமியார், நம் மாமியாரான அத்தையிடம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. வயித்துப் பிள்ளைக்காரி. அவங்க கையால வேணாமே."

அத்தை தரையைப் பார்த்தார். அப்புறம், "சாந்தி, நீ உள்ள போய் காபி என்னாச்சுன்னு பாரும்மா" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "காபியையும் வேற யாராச்சும் பார்த்தா நல்லது."

யார் அது என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் என் கண்ணைப் பார்க்கவில்லை. கீதா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். நீ கிண்ணத்தைப் பலகை ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தாய். "உமா, நீ பூசு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாய்.

சடங்கு முடிகிறவரை என்னால் மேலே வர முடியவில்லை. வந்து பார்த்தபோது நீ தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். குடைச்செடியின் இலைகள். வெறுங்கையால்.

"அவங்க சொன்னதுல என்னடி தப்பு? எனக்கே என் கையைப் பார்த்தா பயமா இருக்கு" என்றாய்.

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக என்னவோ உளறினேன். நீ இலை கிள்ளுவதை நிறுத்தவில்லை. உன்னை அன்றைக்கு இந்த உலகத்தில் விலக்காமல் ஏற்றுக்கொண்டது அந்தச் செடிதான் என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாவது குளிர்காலத்தில் கொப்புளம் கழுத்துவரை ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. செடி எனக்கு ஒத்துக்கல" என்றாய். ரோஜாவையுமா என்றார். "எல்லாம்தான்." அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒவ்வொரு தொட்டியாகக் கீழே இறக்கினார். ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்து அள்ளிக்கொண்டு போனது. நீ கதவுக்குப் பின்னால் நின்றாய், வாசலுக்கு வரவில்லை.

பார், நீ கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டாய். டாக்டர் கண்டுபிடிக்காததை நீ கண்டுபிடித்தாய். செடிதான் என்பதுவரை வந்துவிட்டாய். எந்தச் செடி என்று மட்டும் நீயும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விட்டதும் கை ஆறியது, அப்புறம் வரவே இல்லை. அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று, சாந்திக்குச் செடி ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு குடையையும் அடுக்கையும் பிரித்தவள் நீ. இரண்டில் எது உன்னைக் கடிக்கிறது என்று ஒரு குளிர்காலம் ஒன்றை மட்டும் வளர்த்துப் பார்த்திருந்தால் போதும். யார் சொல்லித் தந்தார்கள் நமக்கு அப்படி யோசிக்க?

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மனையில் பைக் மெக்கானிக் கடை வந்தது. நீ சேலைக்கு ஃபால்ஸ் தைக்க உட்கார்ந்தாய். மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாய், உங்கள் துணியையும் நானே காயப்போட்டேன். லால்பாக் பூக்காட்சிக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன், "கூட்டம்டி" என்று தட்டிக்கழித்தாய்.

கை ஆறி மாசு மருவில்லாமல் ஆன பிறகும் நீ ஒரு விசேஷத்தில்கூட முன்னால் நிற்கவில்லை. யாருக்கும் குங்குமம் வைக்கவில்லை. என் மகள் திவ்யா பெரியவளானபோது, "நீ வை அக்கா" என்று கிண்ணத்தை நீட்டினேன். "நல்ல நாள்ல எதுக்கு? நீ வை" என்று பின்னால் போய் நின்றுகொண்டாய். நான் இழுத்து வந்து வைக்கச் சொல்லியிருக்கலாமோ? நீ வந்திருப்பாயா?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில், நெஞ்சு அடைக்கிறது என்றாய். மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாய். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

இனி எனக்கு நடந்ததைக் கேள்.

திவ்யா இப்போது வேலைக்குப் போகிறாள். இந்தக் குளிருக்கு ஆன்லைனில் ஒரு பூந்தொட்டி வரவழைத்து என் ஜன்னலில் வைத்தாள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உன் குடை. ஆசையாக இருந்தது. உன்னை மாதிரியே பழுத்த இலையைக் கிள்ளினேன், இலையைத் தடவிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் என் விரல் இடுக்கில் அரிப்பு. அப்புறம் அதே கொப்புளம், அதே கோடு. கண்ணாடியில் என் வீங்கின இமையைப் பார்த்தபோது உன்னைத்தான் பார்த்தேன்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு சின்னப் பெண் டாக்டர். கன்னடத்துப் பெண். என் கையைத் தயங்காமல் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். "மனேலி கிட இதெயா அம்மா?" என்றாள். வீட்டில் செடி இருக்கிறதா என்று கேட்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சோப்பா இருக்காதா டாக்டர்?"

அவள் தன் அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "சோப் வருஷம் பூரா யூஸ் பண்றீங்கல்ல? வருஷம் பூரா வரணும் தானே? இது இப்போதானே வந்திருக்கு? புதுசா என்ன தொட்டீங்க?"

திவ்யா போனில் பூவின் படத்தைக் காட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் வேறு வேறு பொருள் தடவிய பட்டைகளை ஒட்டினார்கள், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். ப்ரிமுலா பட்ட இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. "இந்தப் பூவைத் தூக்கிப் போடுங்க. வேற செடி எல்லாம் வெச்சுக்கலாம், பயப்படாதீங்க" என்றாள்.

வேற செடி எல்லாம் வெச்சுக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அங்கேயே அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய், "சீரியஸ் இல்ல அம்மா, சீரியஸ் இல்ல" என்று என் தோளைத் தட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்?

அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. உன் அடுக்குப்பூ எப்படி என்று தெரிய வேண்டும். ஜனவரியில் பூக்காட்சிக்குப் போய்த் தேடி ஒரு அடுக்கு வாங்கினேன். இன்னும் தூக்கிப் போடாத குடையையும் சேர்த்து, கையுறை போட்டு இரண்டு தொட்டியையும் தனித்தனிப் பையில் கட்டி, மல்லேஸ்வரத்தில் திவ்யாவின் தோழியின் அம்மாவிடம் ஆட்டோவில் எடுத்துப் போனேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டையும் மேஜையில் வைத்ததுமே, "ஒரே குடும்பம், ஒண்ணுவிட்ட அக்கா தங்கை மாதிரி" என்றார். பெயரும் சொன்னார். உன் குடை ஒப்கோனிகா. உன் அடுக்கு மலக்காய்டிஸ்.

பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நீ பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய். பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைக் கிண்ணத்தைப் பார்க்கச் சொன்னார். குடையில் அது புனலைப் போல வாயகன்றது, அதை வைத்துத்தான் அதன் பெயராம். அடுக்கில் சின்ன மணி போலிருக்கிறது, மேலே வெள்ளை மாவு பூசியிருக்கிறது. குடையின் இலை வட்டமாக, நீளக் காம்பில் நிற்கிறது. அடுக்கின் இலை ஓரம் அலை அலையாகப் பிளந்திருக்கிறது. பிறகு குடையின் இலைக்காம்பைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பினார். பொடி முடிகள். சில முடிகளின் நுனியில் ஒரு துளி பளபளத்தது. அந்தத் துளியில்தான் எல்லா வினையும் இருக்கிறது. அடுக்கில் அது இல்லை, இருந்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

"எங்க அக்கா நாத்துலயே பிரிச்சிடுவாங்க மேடம். கண்ணை மூடிட்டு" என்றேன்.

"அப்படியா? எப்படி?"

"விரலால தடவி. குடை லேசா ஒட்டும்னு சொல்வாங்க."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "அந்த ஒட்டறதுதாம்மா அது" என்றார்.

உன் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார். நியாயமானவர். நூற்றுக்கு நூறு சத்தியம் செய்ய முடியாது, ஒரு தடவை உடம்பு முறுக்கிக்கொண்டால் அபூர்வமாகச் சிலருக்கு அடுக்கும் சேராமல் போகலாம் என்றார். "ஆனா ரோஜா என்ன பண்ணிச்சு? துளசி என்ன பண்ணிச்சு? அதையெல்லாம் ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். இப்போது அந்த விஷம் இல்லாத குடைப்பூ வகையே வந்துவிட்டதாம், வெளிநாட்டு விதையில். கேட்டுக்கொண்டு வந்தேன். யாருக்குச் சொல்ல?

மாமாவுக்குச் சொன்னேன். டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப அவ கைல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

தலையாட்டினார். நான் எழுந்து காபி போட்டுக்கொண்டு வந்தேன். தம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி அதையே கேட்டார், முதல் தடவை கேட்கிற மாதிரி. மறுபடி சொன்னேன்.

"ரோஜாத் தொட்டியை இறக்கறப்ப கதவிடுக்குல அவ முகத்தைப் பார்த்தேன் உமா. இது மட்டும் இருக்கட்டுமேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த வருஷமெல்லாம் அவ கையை நான் புடிச்சதே இல்ல. அவளும் குடுக்க மாட்டா. நானும் கேக்கல." நான் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்கு என்ன இருக்கிறது?

கீதா ஒரு வாரம் கழித்து வந்தாள். அவள் தலையும் நரைத்துவிட்டது அக்கா. நான் சொல்லி முடித்ததும், "பெரிய அண்ணி அன்னிக்கு என் முன்னாடியே நின்னாங்க சின்ன அண்ணி. நான் கையை நீட்டியிருந்தா எங்க மாமியார் என்ன பண்ணியிருப்பாங்க? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பாங்க. அவ்வளவுதானே?" என்றாள்.

நீ இருந்தால் "விடு கீதா" என்றிருப்பாய். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். அதை என் வாயிலிருந்து கேட்கத்தான் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மன்னிப்பை எடுத்துக் கொடுக்க நான் யார்? சொல்லவில்லை. இரண்டு பேரும் உன் படத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தோம். போகும்போது என் கொப்புளம் ஆறின கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ எதற்கெல்லாம் பின்னால் போய் நின்றாய் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெயர் சூட்டியதற்கு, பூ முடிந்ததற்கு, நலங்குக்கு, ஆரத்திக்கு. ஒரு செடியின் முடிநுனித் துளிக்கு இவ்வளவா? இல்லை அக்கா. துளி செய்தது கொப்புளம் மட்டும்தான். மீதியைச் செய்தது நாங்கள் எல்லோரும் சேர்ந்து. விலகியவர்கள் விலகினார்கள், விலகாத நானும் ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை போய்விட்டார். குழாயடிப் பெண்களில் பாதிப்பேர் வீட்டை விற்றுக்கொண்டு ஹொசக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்கள். மீதி இருக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன். எதிர்வீட்டுக்காரம்மா, "ஐயோ, அப்படியா? நாங்க அப்பவே நினைச்சோம்" என்கிறார். நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஒருத்தரையும் விடுவதில்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சேதியைச் சொல்கிறேன்.

நர்சரி வைத்திருப்பேன், மாடியைத் திரும்பப் பூக்கவைப்பேன் என்றெல்லாம் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு உன் கை ராசி கிடையாது, நான் தண்ணீர் ஊற்றினால் சாமந்திகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என்னால் முடிந்தது வேறு. இனி நம் வீட்டிலோ, சந்திலோ, கடையிலோ, பஸ்ஸிலோ, எந்தப் பெண்ணின் உடம்பில் என்ன தடித்தாலும், மற்றவர்கள் தள்ளி நிற்பதற்கு முன்னால் நான் கிட்டே போய்க் கேட்பேன். என்ன தொட்டாய், எப்போது தொட்டாய், இரண்டு இருந்தால் அதில் எதைத் தொட்டாய் என்று விடாமல் கேட்பேன். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை அவள் கை என் கையில் இருக்கும். இது சத்தியம் அக்கா.

ஓரகத்தியாக வந்து உனக்குத் தங்கச்சியாகிப்போன
உமா